மாநாட்டில் உடையாத பாலம்

அந்தக் கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் அவரை 'உடைப்பு மேடம்' என்றுதான் சொல்வார்கள். பொருள்களின் வலிமை பற்றிப் பாடம் நடத்துகிறவருக்கு இப்படி ஒரு பட்டப்பெயர் வந்ததில் அவருக்கு எந்த வருத்தமும் இல்லை. "எங்க உடையும்னு தெரியாதவங்க எவ்வளவு தாங்கும்னு சொன்னா நம்பாதீங்க" என்பார்.

ஆசிரியராகும் முன் சில வருடங்கள் கட்டட வேலை நடக்கும் இடங்களில் மேற்பார்வை பார்த்தவர். காங்கிரீட் லாரி வரும்வரை சாரத்தின் கீழே நின்று மேலே பார்த்துக்கொண்டே இருந்த பழக்கம் இன்னும் விடவில்லை. புதிதாக ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் வரவேற்பவரைப் பார்ப்பதற்கு முன் உத்தரத்தைப் பார்ப்பார். மகளின் பள்ளி ஆண்டு விழாவில் மேடைப் பந்தலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததில் மகள் பரிசு வாங்கியதைத் தவறவிட்டிருக்கிறார். அந்தக் குறை வீட்டில் இன்னும் தீரவில்லை.

பாடம் நடத்த வந்த புதிதில் ஒருநாள், கரும்பலகையில் ஒரு பாலத்தை வரைந்து, ஒவ்வொரு கம்பியிலும் எவ்வளவு விசை என்று கணக்குப் போட்டு முடித்தார். வகுப்பு அதை அப்படியே எழுதிக்கொண்டது.

"சரி, இதுமேல பாரத்தை ஏத்திக்கிட்டே போனா முதல்ல எது போகும்?" என்று கேட்டார்.

யாரும் பாலத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் எழுதியதைப் புரட்டினார்கள். எப்போதும் முதல் மதிப்பெண் வாங்குகிற பெண் எழுந்து, "அது சிலபஸ்ல இல்ல மேடம்" என்றாள். கிண்டல் இல்லை; நல்ல மனதோடு, ஆசிரியர் வழி தவறிப் போகிறாரே என்ற அக்கறையில்தான் சொன்னாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் அவர் ஐஸ் குச்சிகளை மொத்தமாக விற்கும் கடையில் ஒரு பெரிய கட்டு வாங்கினார்.

வியாழக்கிழமை கடைசி வகுப்பு அப்படித்தான் தொடங்கியது. மாணவர்கள் குழு குழுவாக ஐஸ் குச்சியிலும் பசையிலும் கை நீளத்துக்கு ஒரு பாலம் கட்டிக்கொண்டு வர வேண்டும். இரண்டு மேசைகளுக்கு நடுவே அதை வைத்து, நடுவில் ஒரு கொக்கி மாட்டி, வாளியைத் தொங்கவிட்டு, குவளை குவளையாக மணல் கொட்டுவார்கள். ஆனால் ஒரு குவளை மணல் விழுவதற்கு முன்பே வகுப்பிலுள்ள ஒவ்வொருவரும் சாக்பீஸ் எடுத்து, தான் உடையும் என்று நினைக்கிற இடத்தில் குறி போட்டு, பக்கத்தில் தன் முதலெழுத்தையும் எழுதியாக வேண்டும். உடைந்த பிறகு தவறாகக் குறித்தவர்கள் ஏன் அப்படி நினைத்தோம் என்று இரண்டே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். சரியாகக் குறித்தவர்களுக்கும் அதே தண்டனை உண்டு.

"கரெக்டா சொன்னதுக்கும் காரணம் கேக்குறீங்களே மேடம்."

"குருட்டு அதிர்ஷ்டத்துக்கெல்லாம் மார்க் போட முடியாதுப்பா."

மற்ற வகுப்புகளுக்கு மட்டம் போடுகிறவர்கள் கூட வியாழக்கிழமை கடைசி மணிக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். பாலம் உடையும் சத்தம் கேட்டு பக்கத்து வகுப்பு ஆசிரியர் வாரா வாரம் ஒரு முறை திடுக்கிடுவார்; வாரா வாரம் வந்து புகார் சொல்லிவிட்டு, எது உடைந்தது என்று கேட்டுவிட்டுப் போவார்.

உடைப்பு மேடத்தின் கணவர் மரச்சாமான் பட்டறை வைத்திருக்கிறார். மேசை, நாற்காலி, கட்டில், அலமாரி எல்லாம் செய்வார். ஆடுகிற நாற்காலி ஒன்று உலகில் எங்காவது இருக்கிறது என்று தெரிந்தால் அவருக்குச் சோறு இறங்காது. உறவினர் வீட்டுக்குப் போனால் நலம் விசாரிக்கும் முன்பே, உட்காரச் சொன்ன நாற்காலியை ஒரு முறை அசைத்துப் பார்ப்பார். அது அசைந்தால் அவ்வளவுதான். சாப்பாடு பரிமாறும் நேரத்தில் அந்த நாற்காலி கூடத்தின் நடுவே தலைகீழாகக் கிடக்கும், அவர் அதன் காலடியில் உட்கார்ந்திருப்பார். ஆகவே அவர்களுடைய மகள் தன் தோழிகளிடம் குடும்பத்தைச் சுருக்கமாக அறிமுகப்படுத்துவாள்: "அம்மா உடைப்பாங்க, அப்பா ஒட்டுவாங்க. நான் நடுவுல தப்பிச்சு வாழ்றேன்."

அந்த வருடம் கல்லூரிக்குப் புது முதல்வர் வந்தார். எதையும் சதவீதத்தில் பேசுவார் என்பதால் வந்த மாதத்திலேயே 'பர்சன்டேஜ்' ஆகிவிட்டார். கெட்டவர் இல்லை. மாணவர்களுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பதில் உண்மையான கவலை உள்ளவர். அந்தக் கவலையோடு கால அட்டவணையை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்தவரின் விரல் வியாழக்கிழமை கடைசி வகுப்பில் நின்றது.

"மேடம், இந்த ஹவர்ல என்ன நடக்குது?"

"பாலம் உடைக்கிறோம் சார்."

"கட்டறதுக்குத்தானே நாம சொல்லித்தர்றோம்?"

"கட்டறாங்க சார். கட்டினதைத்தான் உடைக்கிறோம்."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேலைவாய்ப்புத் தேர்வுக்குப் பயிற்சி தர இந்த ஒரு மணி நேரம்தான் அகப்படுகிறது என்றார். உடைப்பு மேடம் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் முதல்வர் அசையவில்லை. கடைசியில், பேச்சை முடிக்கிற தொனியில், "பொறியியல் ஆசிரியர்கள் மாநாடு வருதில்ல? நானும் போறேன். இதை அங்க கொண்டுவந்து காட்டுங்க. நாலு பேர் நல்லா இருக்குன்னு சொன்னா இருக்கட்டும். இல்லன்னா அந்த ஹவரைக் குடுத்துருங்க" என்றார்.

அந்த ஆண்டு மாநாடு வேறொரு நகரத்தில் நடந்தது. உரைக்கு அனுமதி கிடைத்தது; ஆளுக்கு இருபது நிமிடம் என்றார்கள். இங்கேதான் உடைப்பு மேடம் தன் வாழ்நாளில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். வகுப்பில் எந்தப் பாலம் எங்கே உடையும் என்று அவருக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பதில்தான் அந்த வகுப்பின் உயிரே இருந்தது. ஆனால் இருபது நிமிடம்தான் இருக்கிறது என்பது பாலத்துக்குத் தெரியாதே. முதல்வர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது அது ஒரு பக்கமாக வளைந்துகொண்டு சும்மா நின்றுவிட்டால் என்ன செய்வது? எனவே மாணவர்கள் கட்டிய நல்ல பாலம் ஒன்றில், அடிப்பக்க மூட்டு ஒன்றை மட்டும் பிரித்து, பெயருக்கு ஒரு சொட்டுப் பசை வைத்து ஒட்டினார். வெளியே பார்த்தால் இருப்பதிலேயே அதுதான் அழகான மூட்டு. பாதி வாளி மணலுக்கு அது போய்விடும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டார்.

பாலத்தைப் பத்திரமாகக் கொண்டுபோக ஒரு பெட்டி வேண்டும் என்று கணவரிடம் கேட்டார். பாலத்தைப் பட்டறையில் இரண்டு மூன்று நாள் வைத்திருந்து, உள்ளே பஞ்சு மெத்தை எல்லாம் போட்டு, மூடிக்குப் பித்தளைக் கீல் வைத்து, மணப்பெண்ணுக்கு நகைப்பெட்டி செய்வதுபோல் செய்து தந்தார் அவர்.

"இவ்வளவு எதுக்குங்க?"

"வெளியூர் போற சாமான். நாம அனுப்புறது ஒழுங்காப் போகணும்ல."

மாநாட்டு மண்டபம் பெரியது. வாசலில் ஆளுக்கொரு துணிப்பை, கழுத்தில் மாட்டப் பெயரட்டை. நாள் முழுக்க மாணவர்களை வரிசையில் நிற்கச் சொல்கிறவர்கள் தேநீருக்கு முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். ஓர் அறையில், மாணவர்களின் கவனத்தைப் பிடித்து வைப்பது எப்படி என்று பேசவந்தவர் திரையில் படம் வராமல் வயர்களோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். கேட்க வந்தவர்கள் ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். எல்லோரும் பொறியாளர்கள் என்பதால் ஒன்றுக்கொன்று ஒத்துவராத யோசனைகள்.

உடைப்பு மேடத்துக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் இடம் ஒதுக்கியிருந்தார்கள். மணலை ஊரிலிருந்தே மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார். வாளியைத்தான் மறந்துவிட்டார். மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவைத் தேடிப்பிடித்து ஒரு பிளாஸ்டிக் வாளி கேட்டார்.

"எதுக்கும்மா?"

"மண்ணு கொட்டணும்."

அந்த அம்மா அவருடைய பெயரட்டையை ஒரு முறை படித்துப் பார்த்தார். "படிச்சவங்க கேக்குறீங்க, குடுக்குறேன். ஆனா சிந்தினா நீங்கதான் கூட்டணும். நான் இப்பதான் பெருக்கி முடிச்சேன்."

"ஒரு துளி சிந்தாது. கீழ தட்டு வச்சிருக்கேன்."

அறையில் ஐம்பது அறுபது பேர் இருந்திருப்பார்கள். சாப்பாட்டின் அயர்வில் பலருக்குக் கண் சொருகியது. அமர்வுத் தலைவர் வயதான பேராசிரியர். நேரம் முடிந்ததும் அடிக்க முன்னால் ஒரு சின்ன மணி வைத்திருந்தார். முதல்வர் முன்வரிசையில் செல்போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தார்.

உடைப்பு மேடம் பெட்டியைத் திறந்து பாலத்தை எடுத்து இரண்டு மேசைகளுக்கு நடுவே வைத்தார். வகுப்பின் விதியைச் சொல்லி, சாக்பீஸுக்குப் பதிலாக வண்ண ஸ்டிக்கர்களைக் கொடுத்தார். பத்துப் பதினைந்து பேர் மரியாதைக்கு எழுந்து வந்து ஒட்டினார்கள். மற்றவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே புன்னகை செய்தார்கள். அவரும் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து, அடிப்பக்கத்து அழகான மூட்டில் ஒட்டினார்.

மணல் விழத் தொடங்கியது. ஒவ்வொரு குவளைக்கும் ஒரு வாக்கியம் என்று பேசிக்கொண்டே கொட்டினார். பாதி வாளி நிரம்பியது. பாலம் அசையவில்லை. பேச வேண்டிய வாக்கியங்கள் தீர்ந்துபோயின. முக்கால் வாளி. பாலம் ஒரு முனகல் கூட முனகவில்லை. வாளி நிறைந்து மணல் கோபுரமாக நின்றது.

அறையில் யாரோ கொட்டாவி விட்டார். முதல்வர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கிப் பாலத்தைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்த வியாழக்கிழமை வகுப்பு கைவிட்டுப் போவது உடைப்பு மேடத்துக்குக் கண்ணெதிரே தெரிந்தது. சமாளித்திருக்கலாம். 'பாருங்கள், எங்கள் மாணவர்கள் எவ்வளவு வலுவாகக் கட்டியிருக்கிறார்கள்' என்று சொல்லிவிட்டுக் கைதட்டல் வாங்கி இறங்கியிருக்கலாம். ஆனால் குறி போட்டவர் தவறினால் காரணம் சொல்ல வேண்டும் என்பது அவரே போட்ட விதி.

"நான் வச்ச சிவப்பு ஸ்டிக்கர் தப்பாப் போச்சு" என்றார். "ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நேரம் பத்தாதுன்னு பயந்து, அந்த மூட்டுல நானே வேணும்னு பசையைக் குறைச்சிருந்தேன். பாதி வாளிக்கே அது போயிருக்கணும். ஏன் போகலன்னு எனக்கு நிஜமாவே தெரியல."

பின்வரிசையில் கண் மூடியிருந்த ஒருவர் கண்ணைத் திறந்தார்.

"நடுவுல யார் கையிலயாவது இருந்துச்சா?" என்று ஒருவர் கேட்டார். கேள்வி சாதாரணமானதுதான். ஆனால் உடைப்பு மேடத்துக்குப் பஞ்சு மெத்தையும் பித்தளைக் கீலும் நினைவுக்கு வந்தன. ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு செல்போனை எடுத்தார்.

"ஸ்பீக்கர்ல போடுங்க மேடம்" என்றது ஒரு குரல். போட்டார். அமர்வுத் தலைவர் தன் மைக்கை அதன் அருகே நகர்த்தி வைத்தார்.

"என்னம்மா, பேசி முடிச்சிட்டியா? சாப்பிட்டியா?" என்றது கணவரின் குரல், அறை முழுக்க.

"சாப்பிட்டேங்க. அந்தப் பாலம் பட்டறையில இருந்தப்ப ஏதாவது பண்ணீங்களா?"

"ஒண்ணும் பண்ணலையே. அடியில ஒரு மூட்டு லொடலொடன்னு இருந்துச்சு. பசங்க பசையைக் காட்டிட்டு எடுத்திருக்காங்க. அதைப் பிரிச்சு, தேச்சு, நம்ம பசையைப் போட்டு இறுக்கிப் பிடிச்சு வச்சேன். பசங்களைத் திட்டுவியேன்னுதான் சொல்லல."

"அது உடையறதுக்காக வச்சதுங்க."

பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த ரம்பத்தை அவர் நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"காலேஜ்ல உடைக்கிறது சரி. மாநாட்டுக்குன்னு போய், யாராவது உடையற பாலத்தையா காட்டுவாங்க? நாலு பேர் முன்னாடி உன் பேர் கெட்டுறக் கூடாதேன்னு பாத்தேன்." பிறகு, "அங்க யாரு சிரிக்கிறது?" என்றார்.

"அந்த நாலு பேர்தாங்க" என்று சொல்லிப் போனை வைத்தார் உடைப்பு மேடம்.

சிரிப்பு அடங்கவே நேரமானது. அடங்கியபோது அறை வேறு மாதிரி இருந்தது. இந்தப் பாலம் எங்கே உடையும் என்று இப்போது அதைக் கொண்டுவந்தவருக்கே தெரியாது. அதுவரை ஆசிரியர்களாக உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்து வந்தார்கள். குனிந்து பார்த்தார்கள். முட்டி போட்டு அடியில் பார்த்தார்கள். முதலில் மரியாதைக்கு ஒட்டியவர்கள் தங்கள் ஸ்டிக்கரைப் பிய்த்து வேறு இடத்தில் ஒட்டினார்கள்.

"பழசை எடுக்கக் கூடாது சார், அது அழுகுணி ஆட்டம்."

"அப்ப எனக்குத் தகவல் முழுசாத் தரலையே மேடம்."

"மேல் குச்சி வளையுது பாருங்க, அதுதான் போகும்."

"அது வளைஞ்சுக்கிட்டே நிக்கும். உங்க காலேஜ்ல வளையறதெல்லாம் உடையுதா?"

அமர்வுத் தலைவர் மணியைக் கையில் எடுத்தார்; அடித்தால் யாருக்கும் கேட்காது என்று தெரிந்து அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு பச்சை ஸ்டிக்கரோடு வரிசையில் நின்றார். முதல்வரும் வந்தார். பாலத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார். வலது கைப்பக்கம் ஒரு மூட்டில் ஒட்டிவிட்டு, "எண்பது சதவீதம் இதுதான்" என்றார்.

"மீதி இருபது சார்?"

"அதுக்குத்தான் உடைச்சுப் பாக்கணும்" என்றார் முதல்வர். தான் சொன்னது தனக்கே கேட்டதும் கொஞ்சம் நிதானித்தார்.

வாளியில் இனி மணலுக்கு இடமில்லை. தண்ணீர் பாட்டில்களை மணலில் செருகினார்கள். மாநாட்டுக் கட்டுரைத் தொகுப்பு ஒன்றை யாரோ மேலே வைத்தார்கள். "இதுக்காவது பயன்படுதே" என்று இன்னொருவர் தன்னுடையதையும் வைத்தார். பாலம் முதல் முறையாக ஒரு சத்தம் போட்டது. மேல் குச்சி பக்கவாட்டில் வளைந்தது. முதல்வர் தன் தொகுப்பை இரண்டு கைகளாலும் ஏந்திவந்து, கண்ணாடிச் சாமானை வைப்பதுபோல் வாளியின்மேல் வைத்துக் கையை எடுத்தார்.

டப்பென்று உடைந்தது.

மணல் தட்டிலும் விழுந்தது, தட்டைத் தாண்டியும் விழுந்தது; முன்வரிசைக்காரர்களின் காலணிகளுக்குள் எல்லாம் போனது. பாட்டில்கள் அறையின் நாலு மூலைக்கும் உருண்டன. எல்லோரும் பாலத்தைப் பார்த்தார்கள். பாலம் அத்தனை ஸ்டிக்கர்களோடும் அப்படியே நின்றுகொண்டிருந்தது. அதன் கொக்கியில் வாளியின் கைப்பிடி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அறுந்தது வாளியின் காது.

அறுபது பொறியியல் ஆசிரியர்களில் ஒருவர் கூட வாளியில் ஸ்டிக்கர் ஒட்டவில்லை.

"சரி, எல்லாரும் தப்பு" என்றார் உடைப்பு மேடம். "ஏன்னு ஆளுக்கு ரெண்டு வாக்கியம்."

அன்று அடுத்துப் பேசவேண்டியவர் அரை மணி நேரம் தாமதமாகத்தான் தொடங்க முடிந்தது. காத்திருந்ததில் அவருக்கு வருத்தமில்லை. வாளியை ஏன் எவரும் பாலத்தின் ஒரு பகுதியாக நினைக்கவில்லை என்பது பற்றி அதிகம் பேசியவரே அவர்தான்.

கூட்டிப் பெருக்கும் அம்மா வாசலில் துடைப்பத்தோடு வந்து நின்றார். தரையைப் பார்த்தார், உடைந்த வாளியைப் பார்த்தார். துடைப்பத்தை உடைப்பு மேடத்தின் கையில் கொடுத்தார். அவர் கூட்ட, முதல்வர் கட்டுரைத் தொகுப்பு ஒன்றின் அட்டையை முறமாக்கி மணலை அள்ளினார்.

"புது வாளி வாங்கித் தந்துடறோம்மா" என்றார் முதல்வர்.

"காது கெட்டியா இருக்கிறதாப் பாத்து வாங்குங்க" என்றார் அந்த அம்மா.

மணலை மூட்டையில் கொட்டியபடி முதல்வர் கேட்டார்: "வியாழக்கிழமை எத்தனை மணிக்கு மேடம் உங்க வகுப்பு?"

"கடைசி ஹவர் சார். அதான் இனிமே இல்லன்னு சொன்னீங்களே."

"நாலு பேர் நல்லா இருக்குன்னு சொன்னா இருக்கட்டும்னுதானே சொன்னேன். நான் எண்ணிப் பாத்தேன், நாலுக்கு மேல இருக்கும்." ஒரு கை மணலை அள்ளிப் போட்டார். "வேலைவாய்ப்புப் பயிற்சிக்கு நான் வேற ஹவர் பாத்துக்கறேன். இதை அங்க வச்சு உடைங்க. வலது பக்க மூட்டு என்ன ஆகுதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

அடுத்த வியாழக்கிழமை வகுப்பில் கூட்டம் தாங்கவில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியர் இந்த முறை முன்கூட்டியே புகார் சொல்லிவிட்டு வந்து இடம் பிடித்திருந்தார். இரும்பு வாளி வைத்திருந்தார்கள். மகள் பள்ளியிலிருந்து நேராக வந்திருந்தாள். கணவர் பட்டறைத் தூசியோடு வந்து, வழக்கம்போல் உட்காரச் சொன்ன ஸ்டூலை ஒரு முறை அசைத்துப் பார்த்துவிட்டு நின்றுகொண்டார்.

மாணவர்கள் சாக்பீஸால் குறி போட்டார்கள். வாளியின் காதிலேயே ஏழெட்டு முதலெழுத்துகள் விழுந்தன. முதல்வர் தன் பழைய ஸ்டிக்கரை மாற்றவில்லை. கணவரிடமும் சாக்பீஸை நீட்டினார்கள். அவர் பாலத்தின் பக்கமே போகவில்லை. கரும்பலகைக்குப் போய், 'உடையாது' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டார்.

"அப்பா, மானம் போகுது" என்றாள் மகள்.

மணல் நிறைந்து, அதன்மேல் இரும்புக் கட்டிகள் ஏறி, வாளி தரையைப் பார்த்து இறங்கியது. காது தாங்கியது. வலது பக்க மூட்டும் தாங்கியது. முதல்வர் சொல்லியிருந்த எண்பது சதவீதத்தை யாரும் நினைவூட்டவில்லை. பிறகு ஒரு வெடிச் சத்தம். பாலம் இரண்டாக மடிந்து விழுந்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் இடத்திலிருந்தபடியே திடுக்கிட்டார்.

மணலிலிருந்து துண்டுகளைப் பொறுக்கி எடுத்து உடைப்பு மேடம் மேசையில் வரிசையாக வைத்தார். அடிப்பக்கத்தில், கணவர் ஒட்டிய மூட்டை ஒட்டியிருந்த குச்சிதான் நாராய்க் கிழிந்திருந்தது.

"சரி, தப்பாச் சொன்னவங்கள்ல முதல்ல கரும்பலகையில எழுதினவர் வரட்டும்" என்றார் உடைப்பு மேடம். "ஏன் உடையாதுன்னு நினைச்சீங்க? ரெண்டு வாக்கியம்."

கணவர் மாணவனைப்போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னே வந்தார். கிழிந்த துண்டைக் கையில் எடுத்து, கட்டைவிரலால் மூட்டை அழுத்திப் பார்த்தார். அது அசையவில்லை.

"அது நான் ஒட்டினது" என்றார். எல்லோருக்கும் தெரியும்படி துண்டைத் தூக்கிக் காட்டினார். "இப்பவும் அது உடையல."